ஆன்டெனாவில் தேங்கும் ஸ்டாட்டிக்: மெதுவாக வடிய ஒரு வழி

இடி இடித்தால் ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். கேபிளைக் கழற்றுவார்கள், மின்சார பிளக்கைப் பிடுங்குவார்கள். மேகமே இல்லாத ஒரு நாளில், வறண்ட காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும்போது, கழற்றிப்போட்ட அதே கேபிளின் முனையில் ‘டிக்… டிக்…’ என்று நீலப்பொறி தாவும். அதைப் பார்க்காதவர்கள் அதை நம்புவதில்லை. உலர்ந்த பனி விழும் ஊர்களிலும் இதே கதைதான். ஆன்டெனாவில் மின்னல் நேரடியாக விழுவது அபூர்வம். ஸ்டாட்டிக், அதாவது நிலைமின்னூட்டம், சேர்வதோ காற்றும் மழையும் உள்ள எல்லா ஊரிலும் அன்றாடம் நடப்பது.

இதிலிருந்து ரேடியோவைக் காக்கப் பிரமாதமான எர்த்திங் எதுவும் தேவையில்லை. சேரும் மின்னூட்டம் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே இருக்க ஒரு பாதை வேண்டும், அவ்வளவுதான். பாதை இல்லாவிட்டால் அது தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அந்தப் பாதை உங்கள் ரிசீவரின் முதல் டையோடு வழியாகத்தான் போகும்.

எங்கிருந்து வருகிறது, எவ்வளவு

மூன்று வழிகளில் ஆன்டெனாவில் மின்னூட்டம் ஏறும். முதலாவது, மழைத்துளி, பனித்துகள், தூசி. இவை ஏற்கெனவே மின்னூட்டத்தோடுதான் வருகின்றன. கம்பியில் படும்போது அதை அங்கே விட்டுவிட்டுப் போகின்றன. இரண்டாவது, வளிமண்டலத்தின் மின்புலம். தெளிந்த வானிலையில் தரைக்கு அருகே அது மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் இருக்கும். இடிமேகம் தலைக்கு மேல் வந்தால் மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். தரையோடு தொடர்பில்லாமல் உயரத்தில் தொங்கும் கம்பி, தான் இருக்கும் உயரத்தின் மின்னழுத்தத்தை நோக்கி மெல்ல நகரும். மூன்றாவது, தூரத்தில் ஒரு மின்னல் வெட்டும்போது அதுவரை இருந்த மின்புலம் சட்டென்று சரிவது. மேகத்தின் இழுப்பில் கம்பியில் கட்டுண்டு கிடந்த மின்னூட்டம் ஒரே நொடியில் விடுபட்டு, இறங்க வழி தேடும். முதல் இரண்டும் மெதுவானவை, மூன்றாவது வேகமானது. பாதுகாப்புக்கு ஏன் இருவேறு பாகங்கள் வேண்டும் என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். காற்றில் தொங்கும் மெல்லிய கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 5 முதல் 6 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. 40 மீட்டர் கம்பி என்றால் ஏறக்குறைய 220. பலரும் மறந்துவிடுவது கேபிளை. ஆர்ஜி-213, ஆர்ஜி-58 போன்ற 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிப் பின்னிய ஷீல்டும் கொண்டது) மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட். 20 மீட்டர் கேபிளில் மட்டும் 2000. ஆக, ஆன்டெனாவைவிடக் கேபிள்தான் பெரிய தொட்டி. மொத்தம் 2200 பைக்கோஃபாரட், 5000 வோல்ட் வரை ஏறுகிறது என்று வையுங்கள். தேங்கிய ஆற்றல் 27 மில்லிஜூல். எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைச் சோதிக்க மனித விரலின் ஸ்டாட்டிக்குக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள்: 100 பைக்கோஃபாரட், 2000 வோல்ட். அதில் இருப்பது 0.2 மில்லிஜூல்தான். விரல் பட்டாலே செத்துப்போகும் பாகத்துக்கு, கேபிள் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுக்கிறது. மேலும் விரல் மாதிரியில் தொடராக 1500 ஓம் தடை உண்டு. கேபிளில் அப்படித் தடுக்க எதுவும் இல்லை.

இதே எண்கள் பொறியின் வேகத்தையும் சொல்லும். 2200 பைக்கோஃபாரட்டை 5000 வோல்ட்டுக்கு ஏற்ற 11 மைக்ரோகூலோம் வேண்டும். ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் வந்துகொண்டிருந்தால் 11 நொடிக்கு ஒரு பொறி. பத்து மைக்ரோஆம்பியர் என்றால் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று. ரிசீவரில் ‘டிக்’ சத்தம் சீரான இடைவெளியில் வந்து, சாரல் நெருங்க நெருங்க அந்த இடைவெளி குறைந்தால், எங்கோ ஓர் இடைவெளியில் பொறி தாவுகிறது என்று அர்த்தம். கனெக்டர், டியூனரின் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் பெட்டி) வேரியபிள் கெப்பாசிட்டர், ஆன்டெனா சுவிட்சின் ரிலே, இவை மூன்றும் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்கள்.

மின்னோட்டம் இவ்வளவு குறைவாக இருப்பது நமக்குச் சாதகம். பத்து மைக்ரோஆம்பியரை ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டால் அதன் குறுக்கே வெறும் 10 வோல்ட்தான் நிற்கும். ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறவேண்டியது பத்தோடு நின்றுவிடுகிறது.

முதலில் மல்டிமீட்டர்

ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றி, கனெக்டரின் நடுமுள்ளையும் ஷீல்டோடு சேர்ந்த வெளிக்கூட்டையும் ஒரு கம்பியால் தொட்டு டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, ஓம் அளவில் மல்டிமீட்டரை வையுங்கள். டிஸ்சார்ஜ் செய்யாமல் வைத்தால் மீட்டர் போய்விடலாம். பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் ஆன்டெனா டிசி வகையில், அதாவது நேர்மின்னோட்டத்துக்கு, ஷார்ட் ஆகியிருக்கிறது, நல்லது. முடிவிலி காட்டினால் நடுக்கம்பி மிதக்கிறது. காற்றடிக்கும் நாளில் மீட்டர் நிலைகொள்ளாமல் அலைந்தாலோ மைனஸ் எண்ணைக் காட்டினாலோ, அந்த நிமிடமே மின்னூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது.

எந்த ஆன்டெனா எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். ஃபோல்டட் டைபோல், மூடிய லூப், ஜே-போல், அடியில் ஹேர்பின் காயிலால் மேட்ச் செய்த வெர்டிகல் ஆகியவை இயல்பாகவே ஷார்ட். பேலன் (கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் பாகம்) இல்லாத சாதாரண டைபோல், அடியில் இன்சுலேட்டர் வைத்த வெர்டிகல், பல டிஸ்கோன்கள், டியூனருக்கு நேரடியாகப் போகும் லாங் வயர் ஆகியவை மிதப்பவை.

பேலன் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். 1:1 கரன்ட் பேலன், அதாவது கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றிய சோக் வகை, டைபோலின் ஒரு கையை ஷீல்டோடும் மற்றதை நடுக்கம்பியோடும் இணைக்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவே டிசி பாதை கிடையாது. ஷீல்டு பக்கத்துக் கை எர்த்துக்குப் போய்விடும், மறுகை மிதக்கும். ‘பேலன் போட்டிருக்கிறேன், ஸ்டாட்டிக் பிரச்சினை இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் போட்டிருக்கிறார்கள். வோல்டேஜ் பேலன்களில் சுற்றுகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் இரண்டு கைகளும் டிசியில் ஒன்றாகிவிடும். எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும்) ஆன்டெனாவின் 49:1 டிரான்ஸ்ஃபார்மரும் 9:1 வகையும் வழக்கமாக ஆட்டோ-டிரான்ஸ்ஃபார்மர்கள். கம்பி, நடுமுள், ஷீல்டு மூன்றும் ஒரே சுற்றில் இருக்கும். பிரைமரியையும் செகண்டரியையும் தனித்தனியாகச் சுற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. விளம்பரத்தை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று. நடுக்கம்பியும் ஷீல்டும் ஷார்ட் ஆனால் மட்டும் போதாது. ஷீல்டு எங்காவது எர்த்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றிப்போட்ட கேபிள் முழுவதும் ஒன்றாக மிதக்கும், தொடும் கைக்கு அடி கிடைக்கும். கழற்றிய கனெக்டரைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவைக்கும் பழைய பழக்கத்தில் எந்தப் பயனும் இல்லை. மின்னூட்டம் போக வழியை அடைத்துவிட்டு, பாதுகாப்பு என்று பெயர் வைத்தது அது.

ரெசிஸ்டர்: மதிப்பு, வாட், வோல்ட்

எளிய தீர்வு, நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே ஓர் உயர்மதிப்பு ரெசிஸ்டர். 100 கிலோஓம் முதல் 1 மெகாஓம் வரை எதுவும் வேலை செய்யும். இந்த மதிப்பு 50 ஓம் லைனுக்கு இருப்பதே தெரியாது.

வாட் கணக்கு சுலபம். 50 ஓமில் 100 வாட் என்பது 71 வோல்ட் ஆர்எம்எஸ். 100 கிலோஓமில் விரயம் 0.05 வாட். ஒரு கிலோவாட் என்றால் 224 வோல்ட், விரயம் 0.5 வாட். பத்து கிலோஓமைப் போட்டால் கிலோவாட்டில் 5 வாட் சூடாகும், தேவையில்லாத வேலை. எண்ட்-ஃபெட் கம்பியின் ஊட்டுமுனையில் கதை வேறு. அங்கே 2500 ஓம் என்று வைத்தால், 100 வாட்டிலேயே 500 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 700க்கு மேல். அங்கே 100 கிலோஓம் 2.5 வாட் தின்னும். ஒரு மெகாஓம் கால் வாட்டோடு நிற்கும்.

வாட்டைப் பார்ப்பவர்கள்கூட ரெசிஸ்டரின் வோல்ட் தாங்குதிறனைப் பார்ப்பதில்லை. சாதாரண கால் வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 250 வோல்ட்தான் தாங்கும். 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்களில் பல 350 வோல்ட் அளவுதான். ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டால், சூடே ஆகாமல், உடலின் மேற்பரப்பிலேயே பொறி தாவி ஒருநாள் அறுந்துபோகும். எனவே தொடராகப் போடுங்கள். 50 ஓம் கோஆக்ஸ் லைனுக்கு 330 கிலோஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு மூன்று தொடரில் இருந்தால் போதும்: மொத்தம் 990 கிலோஓம், ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும். எண்ட்-ஃபெட் முனையிலோ ஓப்பன்-வயர் லைனிலோ (இரண்டு கம்பிகள் இணையாகப் போகும் லைன்) என்றால் 100 கிலோஓம், 2 வாட் பத்து. வயர்-வவுண்ட் வேண்டாம், அது காயிலாகவும் நடந்துகொள்ளும். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் திடீர் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரத்தில் மதிப்பு நகரும். சங்கிலியை நேர்க்கோட்டில் நீட்டிவையுங்கள். இடத்தை மிச்சப்படுத்த மடித்தால் தொடக்கமும் முடிவும் பக்கத்தில் வந்து, தொடராகப் போட்டதன் பலனே போய்விடும்.

சோக், ஸ்டப்

ரெசிஸ்டருக்குப் பதில் ஆர்எஃப் சோக் (ரேடியோ அலையைத் தடுக்கும் காயில்) போடுவது பழைய வழக்கம். டிசிக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட். 2.5 மில்லிஹென்றி சோக் 1.8 மெகாஹெர்ட்ஸில் 28 கிலோஓம் காட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அதன் சுற்றுகளுக்கிடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ். ஏதோ ஓர் அலைவரிசையில் அது தொடர் ஒத்ததிர்வுக்குப் போய், தடுக்கும் திறன் போய், கிட்டத்தட்ட ஷார்ட் ஆகும். அந்த அலைவரிசை உங்கள் பேண்டில் விழுந்தால் சோக் கருகும். போடுவதற்கு முன் டம்மி லோடோடு (ஆன்டெனாவுக்குப் பதில் வைக்கும் 50 ஓம் தடை) இணையாக வைத்து, எல்லா பேண்டிலும் அனலைசரில் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் (லைனில் ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) எங்காவது எகிறினால் அந்தச் சோக் ஆகாது. வால்வு பவர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் இருக்கும் சோக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ஸ்டாட்டிக்கை வடிப்பது அதன் உபரி வேலை. பிளேட் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் ஆன்டெனாவுக்கு உயர்மின்னழுத்தம் போகாமல் ஃபியூஸை எரியவைப்பதுதான் முதல் வேலை.

ஒரே பேண்டுக்கான ஆன்டெனா என்றால் கால்-அலை ஷார்ட் ஸ்டப்தான் என் விருப்பம். டீ கனெக்டரில் ஒரு துண்டு கேபிள், மறுமுனையில் நடுக்கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து சால்டர் செய்தது. சாதாரண பாலிஎத்திலீன் கேபிளின் வேக விகிதம் (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை அதில் போகும் என்பது) 0.66 என்பதால், 145 மெகாஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர், 14.2க்கு 3.49 மீட்டர், 7.1க்கு 6.97 மீட்டர். கொஞ்சம் நீளமாக வெட்டி, அனலைசரில் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். டிசிக்கு முழு ஷார்ட், வேலை செய்யும் அலைவரிசையில் திறந்த சுற்று. இரு மடங்கு அலைவரிசையில் அதே துண்டு அரை அலையாகிவிடுவதால் இரண்டாம் ஹார்மோனிக்கையும் அடித்துவிடும். விஎச்எஃப்-இல் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) ரெசிஸ்டரின் கம்பிக்கால்களின் நீளமெல்லாம் தொல்லை தரும். அங்கே ஸ்டப்தான் சுத்தமான வழி.

ஒரு எச்சரிக்கை. கேபிள் வழியாகவே டிசி அனுப்பி, கம்பத்தின் உச்சியில் உள்ள பிரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்குவது), ரிமோட் டியூனர், ரிலே பெட்டி ஆகியவற்றை இயக்குபவர்கள் அந்த லைனில் சோக்கோ ஸ்டப்போ போட்டால் சப்ளையே ஷார்ட். ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் பிரச்சினையில்லை, 12 வோல்ட்டில் 12 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டர் கேபிளைத்தான் காக்கும். பிரீஆம்பின் உள்ளீட்டில் உட்கார்ந்திருக்கும் நொய்ந்த ஃபெட் டிரான்சிஸ்டரைக் காக்க, ஆன்டெனா பக்கத்தில் தனியாக ஒரு ஸ்டப்போ ஹேர்பின்னோ வேண்டும்.

கேஸ் டியூப் எதற்கு, எதற்கு இல்லை

கடையில் ‘லைட்னிங் அரெஸ்டர்’ என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு கேஸ் டிஸ்சார்ஜ் டியூப். குறித்த வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே உள்ள வாயு மின்கடத்தியாகி, மின்னழுத்தம் சில பத்து வோல்ட்டுக்கு விழும். கெப்பாசிட்டன்ஸ் ஓரிரு பைக்கோஃபாரட்தான், அதனால் விஎச்எஃப்-இலும் தொல்லையில்லை.

இது ஸ்டாட்டிக்கை வடிக்காது. 350 வோல்ட் டியூப் என்றால் 349 வோல்ட் வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரே அடியில் காலி செய்யும், மறுபடி ஏறவிடும். அந்தச் சரிவின் ஒவ்வொரு படியும் ரிசீவரின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் வழியாக உள்ளே போகிறது. கேட்பதற்கும் ‘டப் டப்’ என்று எரிச்சல். மெதுவான ஏற்றத்துக்கு ரெசிஸ்டர், மின்னல் வெட்டும்போது வரும் வேகமான துள்ளலுக்கு கேஸ் டியூப். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. டியூப்பில் எழுதியிருக்கும் வோல்ட் மெதுவான ஏற்றத்துக்கு உரியது என்பதையும் கவனியுங்கள். நொடிக்குள் பாயும் துள்ளலுக்கு அதே டியூப் பல மடங்கு உயர்ந்த வோல்ட்டில்தான் விழிக்கும்.

எந்த மதிப்பு? லைனில் வரக்கூடிய உச்ச வோல்ட்டைக் கணக்கிடுங்கள்: வாட், 50, எஸ்டபிள்யூஆர் மூன்றையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம். 100 வாட்டும் எஸ்டபிள்யூஆர் 3-உம் என்றால் 173 வோல்ட். டியூப்களின் மதிப்பு 20 சதவீதம் வரை முன்பின் இருக்கும் என்பதால் 230 வோல்ட் டியூப் விளிம்பில் நிற்கிறது, 350 நிம்மதி. ஒரு கிலோவாட், எஸ்டபிள்யூஆர் 2 என்றால் 447 வோல்ட்: 600 வோல்ட் டியூப். எஸ்டபிள்யூஆர் 3 வரை ஓட்டுபவர்கள் 800க்குப் போகட்டும். குறைவான மதிப்பைப் போட்டால், ஒலிபரப்பின் நடுவே டியூப் தீப்பிடித்ததுபோல் கடத்தத் தொடங்கி, பவரே அதை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். எஸ்டபிள்யூஆர் முள் திடீரென்று எகிறும், பிடிடியை (பேச அழுத்தும் பொத்தான்) விட்டதும் சரியாகிவிடும். டியூனரைக் குறைசொல்வதற்கு முன் டியூப்பைப் பாருங்கள்.

சில அரெஸ்டர்களில் ரேடியோ பக்கம் தொடராக ஒரு கெப்பாசிட்டர் உண்டு, டிசியைத் தடுக்க. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரெசிஸ்டரை அந்தக் கெப்பாசிட்டருக்கு ரேடியோ பக்கம் வைத்தால் ஆன்டெனா அப்படியே மிதக்கும். ஆன்டெனா பக்கம்தான் வைக்க வேண்டும்.

நேரடி மின்னலுக்கு இவற்றில் எதுவும் மருந்தில்லை. முதல் வெட்டிலேயே முப்பதாயிரம் ஆம்பியர் சாதாரணம். அதற்குக் கழற்றுவதும், எர்த்துகளை ஒன்றாகக் கட்டுவதும்தான். இடி கேட்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடப் போகாதீர்கள்.

பெட்டியும் எர்த்தும்

வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒன்று, எஸ்ஓ-239 சாக்கெட் இரண்டு, 330 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஆறு, கேஸ் டியூப் ஒன்று, எர்த்துக்கு 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று. சாக்கெட்டுகளை எதிரெதிரே வைத்து, நடுமுட்களை முடிந்தவரை குட்டையான தடித்த கம்பியால் இணையுங்கள். மூன்று மூன்று ரெசிஸ்டராக இரண்டு சங்கிலிகள், இரண்டும் இந்தக் கம்பியிலிருந்து பெட்டியின் உடலுக்கு. ஏன் இரண்டு என்பது கடைசியில் வரும். கேஸ் டியூப்பின் கால்களை மிகக் குட்டையாக வெட்டி, கழற்றி மாட்ட வசதியாகப் பொருத்துங்கள். சாக்கெட் பதியும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். வெளியே வைப்பதென்றால் சாக்கெட்டுகள் கீழ்நோக்கி இருக்கட்டும், அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். நீர் புகாமல் அடைக்கிறேன் என்று சிலிகான் பூசப்பட்ட பெட்டிகளுக்குள்தான் அதிக நீர் நிற்கிறது. முடிந்ததும் ஒருபக்கம் டம்மி லோடு, மறுபக்கம் அனலைசர்: 30 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் 1.1-ஐத் தாண்டக் கூடாது.

பெட்டி கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், எந்நேரமும் எர்த்தோடு இணைந்து இருக்க வேண்டும். அப்போதுதான் ரேடியோவைக் கழற்றினாலும் வடிகால் தொடரும். ஸ்டாட்டிக்குக்கு எர்த்தின் தரம் பொருட்டே இல்லை. எர்த் ராடு ஆயிரம் ஓம் காட்டினாலும் பத்து மைக்ரோஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட்தான். மின்னல் துள்ளலுக்குத்தான் தாழ்ந்த ஓமும், குட்டையான, அகலமான, கூர்வளைவு இல்லாத பட்டையும் வேண்டும். ஆன்டெனாவுக்கென்று அடித்த ராடை வீட்டு மின்சார எர்த்தோடு கட்டாயம் இணையுங்கள். தனியாக விட்டால், அருகில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழும் வோல்ட் வித்தியாசம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் சமனாகும்.

ஓப்பன்-வயர் லைனில் இரண்டு கம்பிகளுக்கும் தனித்தனிச் சங்கிலி எர்த்துக்கு வேண்டும். அந்த லைனில் வோல்ட் எக்குத்தப்பாக ஏறும், 4000 ஓம் உள்ள புள்ளியில் 100 வாட்டுக்கே உச்சம் 900 வோல்ட் அளவுக்கு வரும். கேஸ் டியூப்புக்குப் பதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி விட்ட திருகுமுனைகள் இரண்டு போதும்.

டியூனர் பாதுகாப்பு தரும் என்று நினைப்பவர்கள் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். கையால் திருகும் டி-வகை டியூனரில் ஆன்டெனா பக்கம் தொடராகக் கெப்பாசிட்டர் இருக்கிறது. காயில் எர்த்துக்குப் போனாலும் ஆன்டெனா அதைத் தொடாது. மின்னூட்டம் அந்தக் கெப்பாசிட்டரின் தகடுகளுக்கிடையே பொறியாகத் தாவும். தானியங்கி டியூனர்கள் பலவற்றில் தொடராகக் காயில், குறுக்காகக் கெப்பாசிட்டர். டிசி நேராக ரேடியோவுக்கே வந்துவிடும். ஆன்டெனா சுவிட்சிலும் இதே சோதனை: தேர்ந்தெடுக்காத சாக்கெட்டுகளைச் சில எர்த் செய்யும், சில அந்தரத்தில் விடும்.

மலைமுகட்டில் பேட்டரி ரேடியோவோடு இயங்கும்போது எல்லாமே மிதக்கிறது, நீங்களும் உட்பட. ஒரு சிறு இரும்பு முளையை மண்ணில் அடித்து ஷீல்டோடு இணைத்தால் போதும். கம்பி ரீங்காரமிட்டாலோ தலைமுடி எழும்பினாலோ ரேடியோவை அப்படியே விட்டுவிட்டு உடனே கீழே இறங்க வேண்டியதுதான்.

வடித்தபின்னும் இரைச்சல் நின்றபாடில்லையே

ரெசிஸ்டர் போட்டபின் டிக் சத்தம் நின்றுவிடும். ஆனால் கனமழையில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கிச் சுருதி ஏறி, ஊளையாகும் இரைச்சல் நிற்காமல் போகலாம். அது கொரோனா. ஆன்டெனாவின் கூர்முனைகளில் மின்புலம் குவிந்து காற்று அயனியாகும்போது வருவது. முழுதாக எர்த் செய்த யாகி ஆன்டெனாவிலும் அது வரும், ஏனென்றால் எர்த் ஆன முனைக்கும் மேகத்துக்கும் இடையே உள்ள மின்புலம் அப்படியேதான் இருக்கிறது. ரேடியோவுக்கு ஆபத்தில்லை, காதுக்குத்தான். வெறும் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி, முனைகளை வளைத்து லூப்பாக்குவது அல்லது உருண்டை பொருத்துவது, கூர்முனையே இல்லாத குவாட் வகை (சதுர வளைய) ஆன்டெனாவுக்கு மாறுவது ஆகியவை இதைக் குறைக்கும். குவாட் பிறந்ததே கொரோனாவால்தான். 1942-இல் ஈக்வடாரின் கீட்டோவில், எச்சிஜேபி நிலையத்தில், மலையுயரத்தின் மெல்லிய காற்றில் யாகியின் முனைகள் எரிந்துபோனதால் கிளாரன்ஸ் மூர் அதை வடிவமைத்தார். அங்கே எரித்தது ஒலிபரப்பின் சொந்த வோல்ட், ஸ்டாட்டிக் இல்லை. முனைகளில் நடக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

கனெக்டரை மாட்டும் அந்த ஒரு நொடி

பிஎல்-259 கனெக்டரில் நடுமுள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டும்போது வெளிக்கூடு பதிவதற்கு முன்பே நடுமுள் போய்த் தொட்டுவிடும். மிதக்கும் கேபிளாக இருந்தால் தேங்கியது முழுவதும் அந்த நொடியில் ரேடியோவுக்குள். ஆகவே வரிசை இது: முதலில் வெளிக்கூட்டை எர்த்தைத் தொடவிடுங்கள். பிறகு நடுமுள்ளையும் கூட்டையும் ஷார்ட் செய்யுங்கள். உடனே மாட்டுங்கள், இடையில் டீ குடிக்கப் போகாதீர்கள், சில நொடிகளில் மறுபடி ஏறிவிடும். உள்ளே ஷார்ட் செய்த எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டால், கழற்றிய கேபிளை அதில் திருகிவைக்கலாம்.

ஆன்டெனா அனலைசர்களும் கையடக்க வெக்டர் நெட்வொர்க் அனலைசர்களும் இந்த விஷயத்தில் மிகப் பாவம். அவற்றின் டிடெக்டர் டையோடோ சிப்போ உள்ளீட்டுக்கு நேராக உட்கார்ந்திருக்கும். எஸ்டிஆர் டாங்கிள்களும் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்கள்) அப்படியே. புதிதாகக் கட்டிய ஆன்டெனாவை அளக்கத்தான் இவற்றை எடுக்கிறோம், அந்த ஆன்டெனாவில் அப்போது வடிகால் எதுவும் இருக்காது. அளக்கும்போதும் ரெசிஸ்டர் பெட்டியை நடுவே வைத்தே அளங்கள், அளவு மாறாது.

அடிபட்ட ரிசீவர் எப்போதும் ஒரேயடியாகச் சாகாது. ஒரு பேண்டில் மட்டும் செவிடாகும்: அந்த பேண்டின் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் டையோடு. 10 டெசிபெல் அட்டென்யூவேட்டரைப் போட்டால் எஸ்-மீட்டர் சம்பந்தமில்லாமல் விழும்: அதன் சிறு ரெசிஸ்டர் எரிந்து மதிப்பு மாறியிருக்கும். பிரீஆம்ப் போட்டால் சிக்னல் ஏறாமல் இரைச்சல் மட்டும் ஏறும். ஆன்டெனாவை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள்.

வடிகால் ரெசிஸ்டரும் சாகும். அருகில் மின்னல் விழுந்தால் சத்தமில்லாமல் அறுந்துவிடும், எஸ்டபிள்யூஆரில் எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு சங்கிலி போடச் சொன்னது இதற்காக. இணையாக இரண்டு 990 கிலோஓம் என்பதால் கேபிளின் முனையில் 495 கிலோஓம் காட்ட வேண்டும். டிசியில் ஷார்ட் ஆன ஆன்டெனாவாக இருந்தால் ஆன்டெனா பக்கத்துக் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 990 காட்டினால் ஒன்று போய்விட்டது, மற்றது இன்னும் காக்கிறது. சமீபத்தில் பக்கத்தில் எங்கோ பலமாக இறங்கியிருக்கிறது என்பதும் அதிலிருந்து தெரியும், எனவே அதே கையோடு கேஸ் டியூப்பையும் மாற்றிவிடுங்கள்.